கருப்பை உட்படலச் செல்களின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் ஆராய்தல்

கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் மென்மையான படலம் கருப்பை உட்படலம் எனப்படும். மருத்துவர்கள் இதனை எண்டோமெட்ரியம் என்று அழைப்பர். மாதந்தோறும் வளர்ந்து, முதிர்ந்து, மாதவிடாயின்போது உதிர்வது இப்படலமே. கரு பதிவதும் இதிலேதான். எனவே குழந்தைப்பேறு தாமதமாகும்போதும், இயல்புக்கு மாறான இரத்தப்போக்கு ஏற்படும்போதும் இப்படலத்தின் ஒரு சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்குமாறு மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

இப்பரிசோதனையில் இரு வகைகள் உள்ளன. ஒன்று, செல்களின் மேற்பரப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது. மற்றொன்று, திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாதாரண நுண்ணோக்கியில் பார்ப்பது. முதலாவது பெரும்பாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது. நோயைக் கண்டறிந்து சிகிச்சையை முடிவு செய்ய இரண்டாவதே பயன்படுகிறது. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது தேவையற்ற செலவிலிருந்தும், தேவையான பரிசோதனையைத் தள்ளிப்போடுவதிலிருந்தும் உங்களைக் காக்கும்.

உட்படலத்தின் மேற்பரப்பில் காணப்படுவது என்ன?

உட்படலத்தின் மேற்பரப்பில் இரு வகைச் செல்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

• குற்றிழைச் செல்கள்: இவற்றின் மேல் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் அசைந்துகொண்டிருக்கும்.
• சுரப்புச் செல்கள்: எண்ணிக்கையில் இவையே மிகுதி. இவற்றின் மேற்பரப்பில் நுண்விரல்கள் எனப்படும் மிகச் சிறிய நீட்சிகள் அடர்ந்திருக்கும்.

மாதவிடாய்ச் சுழற்சியின் முதற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் உட்படலத்தை வளரச் செய்கிறது. கருமுட்டை வெளிப்பட்ட பின்னர்ப் புரோஜெஸ்டிரோன் மிகுந்து, வளர்ச்சியை நிறுத்திச் சுரப்பைத் தொடங்கி வைக்கிறது. இக்காலத்தில் சில சுரப்புச் செல்களின் நுண்விரல்கள் மறைந்து, செல்லின் மேற்புறம் குமிழ் போலப் புடைத்தெழுகிறது. இப்புடைப்புகளுக்குப் பினோபோடு என்று பெயர். ‘குடிக்கும் கால்’ என்பது இக்கிரேக்கச் சொற்களின் பொருள். எலியின் கருப்பையில் இவை நீர்மத்தை உறிஞ்சுவதாகக் கண்டறியப்பட்டதால் இப்பெயர் அமைந்தது.

பினோபோடு ஒன்றின் அகலம் சில மைக்ரோமீட்டர் மட்டுமே. ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே இவற்றின் வடிவத்தைத் தெளிவாகக் காண அலகிடும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்படுகிறது. இதற்காகத் திசு குளூட்டரால்டிஹைடு என்னும் வேதிநீர்மத்தில் பதப்படுத்தப்பட்டு, நீர் முற்றிலும் நீக்கப்பட்டு, தங்கம் போன்ற உலோகத்தின் மிக மெல்லிய பூச்சு இடப்படுகிறது. அதன்மேல் எலெக்ட்ரான் கற்றை நகர்ந்து செல்லும்போது மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் கருப்பு வெள்ளைப் படமாகப் பதிவாகின்றன.

மேற்பரப்பைக் கொண்டு கரு பதியும் காலத்தைக் கூற இயலுமா?

கருமுட்டை வெளிப்பட்ட 6 முதல் 12 நாட்களுக்குள் கரு உட்படலத்தில் பதிகிறது. பெரும்பாலான கருத்தரிப்புகளில் இது 8 முதல் 10 நாட்களுக்குள் நிகழ்கிறது. தொடக்ககால ஆய்வுகள், 28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 20, 21ஆம் நாட்களில் பினோபோடுகள் முழு வளர்ச்சியுடன் தோன்றி ஓரிரு நாட்களில் மறைவதாகத் தெரிவித்தன. எனவே இவற்றைக் கரு பதியும் காலத்தின் அடையாளமாகக் கொள்ளலாம் என்று நம்பப்பட்டது.

பின்னர் வந்த ஆய்வுகள் இந்நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. கருமுட்டை வெளிப்பட்ட பிந்தைய காலம் முழுவதும் பல பெண்களிடம் பினோபோடுகள் காணப்பட்டன. அவை தோன்றும் நாளும் பெண்ணுக்குப் பெண் வேறுபட்டது. மேலும் எடுக்கப்படும் துண்டு மிகச் சிறியது. உட்படலத்தின் ஒரிடத்தில் காணப்படுவது மற்றோரிடத்தில் காணப்படாமல் இருக்கலாம். ஆகவே பினோபோடு உள்ளது, இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு பெண் கருத்தரிப்பாரா என்று முடிவு செய்ய இயலாது.

சாதாரண நுண்ணோக்கியில் உட்படலத்தின் ‘நாளை’க் கணிக்கும் முறைக்கும் இதே வரம்பு உண்டு. நாயிஸ், ஹெர்ட்டிக், ராக் ஆகியோர் 1950ஆம் ஆண்டு வெளியிட்ட அளவுகோல்கள் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பின்பற்றப்பட்டன. அமெரிக்காவில் பல மையங்களில் நடைபெற்று 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதனைச் சோதித்தது. கரு பதியும் காலத்தில் எடுக்கப்பட்ட திசுக்களில், நாட்கணக்குடன் பொருந்தாத உட்படலம் குழந்தைப்பேறு உள்ள பெண்களில் ஏறத்தாழ 49 விழுக்காட்டினரிடமும், குழந்தைப்பேறு தாமதமான பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அதாவது இருசாராரையும் இப்பரிசோதனையால் பிரித்தறிய இயலவில்லை.

எனவே, ‘உங்கள் உட்படலம் கருவை ஏற்கவில்லை’ என்று ஓர் அறிக்கை கூறுவதாகச் சொல்லப்பட்டால் அதனைக் குறையாகவோ, இறுதித் தீர்ப்பாகவோ கொள்ள வேண்டாம். அவ்வாறான அறிக்கையை முன்வைத்து ஒரு பெண்ணைக் குறை கூறுவதற்கு எவ்வித மருத்துவ அடிப்படையும் இல்லை. குழந்தைப்பேறு தாமதமாகும்போது கணவருக்கும் விந்துப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அது எளிதானது, உட்படலத் திசு எடுப்பதற்கு முன்னரே செய்யத்தக்கது.

உட்படலத்தைச் சுரண்டிவிட்டால் கரு பதியும் வாய்ப்பு கூடும் என்ற கருத்தும் உண்டு. 1,364 பெண்கள் பங்கேற்று 2019ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வில், சுரண்டப்பட்டவர்களிலும் சுரண்டப்படாதவர்களிலும் குழந்தை பிறந்த விகிதம் சமமாக, 26.1 விழுக்காடாகவே இருந்தது.

சாதாரண நுண்ணோக்கி எவற்றைக் காட்டுகிறது?

பட்டுச் சேலையின் பளபளப்பைப் பார்ப்பது வேறு. உடலும் கரையும் கோர்வையில் எவ்வாறு இணைந்துள்ளன என்று திருப்பிப் பார்ப்பது வேறு. நோயைக் கண்டறிய, மேற்பரப்புக்குக் கீழே சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் திசுவும் அமைந்துள்ள விதத்தைக் காண வேண்டும். இதற்காகத் திசு ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சீவல்களாக வெட்டிச் சாயமேற்றப்படுகிறது. செல்லின் உட்கரு நீலமாகவும் மற்ற பகுதிகள் இளஞ்சிவப்பாகவும் தெரியும். இதனைப் பயிற்சி பெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஆராய்ந்து பின்வருவனவற்றைக் கூறுவார்.

• புற்றுநோயோ, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமோ உள்ளதா?
• காசநோய்க்குரிய கிரானுலோமா எனப்படும் செல் திரள்கள் உள்ளனவா?
• நாட்பட்ட அழற்சி உள்ளதா?
• உட்படலம் எந்த இயக்குநீரின் ஆளுகையில் உள்ளது?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யப்படும் பாப் பரிசோதனை இதிலிருந்து வேறானது. அது கருப்பைவாயின் செல்களை ஆராய்வது. பாப் பரிசோதனை இயல்பாக உள்ளது என்பதால் கருப்பை உட்படலமும் இயல்பாக உள்ளது என்று கருதக்கூடாது.

யார் இப்பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது?

• மாதவிடாய் முற்றிலும் நின்று 12 மாதங்கள் கடந்த பின்னர் ஒரு துளி இரத்தம் பட்டாலும்
• 45 வயதுக்கு மேல் மாதவிடாய் மிகுதியாகவோ, ஒழுங்கற்றோ, இடையிடையேயோ ஏற்பட்டால்
• 45 வயதுக்குட்பட்டவராயினும் உடற்பருமன், நீரிழிவு, சினைப்பை நீர்க்கட்டி நோய் ஆகியவற்றுடன் இயல்புக்கு மாறான இரத்தப்போக்கு இருந்தால்
• மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிபென் மாத்திரை உட்கொள்ளும்போது இரத்தப்போக்கு ஏற்பட்டால்

மாதவிடாய் நின்ற பின்னர் உட்படலப் புற்றுநோய் கண்டறியப்படும் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு இரத்தப்போக்கு அறிகுறியாக இருந்துள்ளது. அதேவேளையில், இவ்வாறு இரத்தப்போக்கு ஏற்படும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். ஆகவே அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். ‘சூடு’ என்று எண்ணி விட்டுவிடவும் வேண்டாம். முதலில் பிறப்புறுப்பு வழி ஸ்கேன் செய்து உட்படலத்தின் தடிமன் அளக்கப்படும். மாதவிடாய் நின்றவர்களில் அது 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருப்பின் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேலிருந்தாலோ, இரத்தப்போக்கு மீண்டும் ஏற்பட்டாலோ திசுப் பரிசோதனை அவசியம்.

காஞ்சிபுரத்தின் நெசவாளர் குடும்பங்களில் பெண்கள் தறியிலும், நூல் சுற்றுதல் போன்ற வேலைகளிலும் ஈடுபடுகின்றனர். வேலை நின்றால் கூலியும் நிற்கும் என்பதால் மருத்துவமனைக்குச் செல்வது தள்ளிப்போகிறது. ஆனால் இத்திசுவை எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். பெரும்பாலானோர் மறுநாளே வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். உட்படலப் புற்றுநோய் கருப்பைக்குள்ளேயே இருக்கும் நிலையில் கண்டறியப்பட்டால் பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சையால் குணமளிக்க இயலும்.

காசநோயும் கருப்பை உட்படலமும்

இந்தியாவில் குழந்தைப்பேறு தாமதமாவதற்கான காரணங்களுள் பிறப்புறுப்புக் காசநோயும் ஒன்று. இருமலோ காய்ச்சலோ இல்லாமலேயே இந்நோய் கருக்குழாய்களையும் உட்படலத்தையும் பாதிக்கலாம். மாதவிடாய் மிகக் குறைதல், அடிவயிற்று வலி ஆகியவை சிலருக்கு அறிகுறிகளாகும். சிலருக்கு எந்த அறிகுறியும் இராது.

காசநோயின் அடையாளங்கள் உருவாகச் சில நாட்கள் தேவை. மாதவிடாயின்போது அவை படலத்துடன் உதிர்ந்துவிடும். ஆகவே இதற்கான திசு பொதுவாக மாதவிடாய்க்குச் சற்று முன்னர் எடுக்கப்படுகிறது. எடுத்த திசு இரண்டாகப் பிரிக்கப்பட வேண்டும். நுண்ணோக்கிக்குரிய பகுதி ஃபார்மலினிலும், கிருமி வளர்ப்புக்கும் சிபிநாட் எனப்படும் மரபணுப் பரிசோதனைக்கும் உரிய பகுதி உப்புநீரிலும் இடப்பட வேண்டும். ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும் என்பதால், முழுத் திசுவும் அதில் இடப்பட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க இயலாது. காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

நாளும் மாத்திரையும்: நீங்கள் கூற வேண்டியவை

நுண்ணோக்கியில் தெரியும் தோற்றத்தைப் பொருள்கொள்ள, திசு எடுக்கப்பட்ட நாள் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்பது தெரிய வேண்டும். 10ஆம் நாளில் இயல்பான தோற்றம் 24ஆம் நாளில் இயல்பன்று. ஆகவே கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறவும்.

மாத்திரைகளைப் பற்றிய தகவலும் அதே அளவு முக்கியமானது. வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசி பிரம்மோற்சவம், ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரத் திருவிழா போன்ற நாட்களிலும், வீட்டுத் திருமணங்களின்போதும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைகளைச் சிலர் மருந்துக் கடையில் தாமே வாங்கி உட்கொள்கின்றனர். இவற்றில் பெரும்பாலும் நார்எத்திஸ்டிரோன் என்னும் இயக்குநீர் மருந்து உள்ளது. இது உட்படலத்தின் சுரப்பிகளைச் சுருக்கி, தாங்கு திசுவைக் கருவுற்ற காலத்தில் இருப்பது போல மாற்றிவிடும். மாத்திரை உட்கொண்டது தெரியாவிடில் அறிக்கை பிழையாகப் பொருள்கொள்ளப்படலாம். இதனைக் கூறத் தயங்க வேண்டாம். மருத்துவர் உங்களைக் கடிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. இரத்தம் உறையும் நோய், கல்லீரல் நோய் ஆகியவை உள்ளவர்கள் இம்மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது.

திசு எடுக்கும் முறை

• கருவுற்றிருக்கவில்லை என்பது முதலில் உறுதி செய்யப்படும். கருவுற்றிருக்க வாய்ப்பு இருப்பின் முன்கூட்டியே தெரிவிக்கவும்.
• ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள நெகிழும் குழாய் கருப்பைவாய் வழியாகச் செலுத்தப்பட்டு, சிறிதளவு திசு உறிஞ்சி எடுக்கப்படும். பொதுவாக மயக்க மருந்து தேவையில்லை.
• மாதவிடாய் வலி போன்ற சுளுக்கு வலி சில நிமிடங்கள் இருக்கும். வலி பொறுக்க இயலாவிடில் உடனே கூறவும். நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.
• ஓரிரு நாட்கள் சிறிதளவு இரத்தக் கசிவு இருக்கலாம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மிகுந்த இரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி ஆகியவை ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வரவும்.

அறிக்கையில் காணப்படும் சொற்களின் பொருள்

• புரோலிபரேட்டிவ்: சுழற்சியின் முதற்பாதிக்குரிய வளரும் உட்படலம்.
• செக்ரிட்டரி: கருமுட்டை வெளிப்பட்ட பின்னர்க் காணப்படும் சுரக்கும் உட்படலம்.
• அட்ரோபிக்: மெலிந்த உட்படலம். மாதவிடாய் நின்றவர்களிடம் இயல்பாகக் காணப்படுவது.
• அடிப்பியா இல்லாத ஹைப்பர்பிளேசியா: சுரப்பிகள் மிகுந்துள்ளன, செல்களில் புற்றுநோய்த் தன்மை இல்லை. இது 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மருந்து சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் தேவை.
• அடிப்பிக்கல் ஹைப்பர்பிளேசியா: புற்றுநோய்க்கு முந்தைய நிலை. காலந்தாழ்த்தாமல் சிறப்பு மருத்துவரை அணுகவும்.
• கிரானுலோமா: காசநோய் இருக்கலாம் என்பதற்கான அடையாளம். மேற்பரிசோதனை தேவை.
• போதிய திசு இல்லை: இது ‘நோய் இல்லை’ என்று பொருள்படாது. இரத்தப்போக்கு தொடர்ந்தால் ஹிஸ்டெரோஸ்கோபி மூலம் கருப்பையின் உட்புறத்தை நேரில் பார்த்துத் திசு எடுக்க வேண்டியிருக்கும்.

பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

1. இப்பரிசோதனை எந்தக் கேள்விக்கு விடை தரும்?
2. விடை எதுவாயினும் என் சிகிச்சை மாறுமா?
3. இது நிலைபெற்ற பரிசோதனையா, ஆராய்ச்சி நிலையில் உள்ளதா?
4. கட்டணம் எவ்வளவு? அரசு மருத்துவமனையில் இது கிடைக்குமா?

இரண்டாம் கேள்விக்கு ‘மாறாது’ என்பது விடையானால் அப்பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை. ஆராய்ச்சிக்காக உங்கள் திசு எடுக்கப்படுமாயின் அது குறித்து விளக்கி, எழுத்து மூலமான ஒப்புதல் பெறப்பட வேண்டும். மறுத்தாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படலாகாது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் சிகிச்சைக்கு முன் எழுத்து மூலமான ஒப்புதல் பெறப்பட வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதியாகும்.

காஞ்சிபுரத்தில் எங்கு அணுகலாம்?

முதலில் உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவுக்குக் காஞ்சிபுரம் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் செல்லலாம். புற்றுநோய் ஐயம் இருப்பின் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். காஞ்சிபுரத்தில் பிறந்து, புற்றுநோயால் 1969ஆம் ஆண்டு மறைந்த முதலமைச்சர் அண்ணாவின் பெயரைத் தாங்கியது இம்மருத்துவமனை. செல்லும்போது முந்தைய ஸ்கேன் அறிக்கைகள், உட்கொள்ளும் மருந்துகள், ஆதார் அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லவும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

• எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும் மேற்பரப்பு உட்படலம் இயங்கும் விதத்தை அறிவியலுக்கு விளக்குகிறது. தனி ஒருவரின் சிகிச்சையை முடிவு செய்வதில்லை.
• மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் இரத்தப்போக்கு எவ்வளவு சிறிதாயினும் பரிசோதிக்கப்பட வேண்டும்.
• கடைசி மாதவிடாய்த் தேதியையும், உட்கொண்ட எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் கூறவும்.
• அறிக்கையைப் பெற்றுக்கொண்டதுடன் நிறுத்தாமல், அதனை மருத்துவரிடம் காட்டி விளக்கம் பெறவும்.

மேலும் தகவல்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளவும். இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா.